சம்பளச் சீட்டில் இரண்டு எழுத்து

முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்தபோது எனக்கு ஜேர்மன் மொழியில் நூறு சொல் தெரிந்திருக்கும். அதில் அறுபது காய்கறிப் பெயர். கன்டீன் சமையலறையில் வேலை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கோவா என்று மொழி படிக்கத் தொடங்கியவன் நான். சீட்டில் வருமான வரி 240 யூரோ என்று இருந்தது. சரி, அரசாங்கம் எடுக்கத்தான் செய்யும். அதற்குக் கீழே 21 யூரோ 60 சதம் என்று இன்னொன்று. பக்கத்தில் ‘கிர்ஹென்ஸ்டொயர்’. கிர்ஹெ என்றால் கோயில் என்பது தெரியும். கோயிலுக்கு நான் எப்போது கடன்பட்டேன்?

பெரிய சமையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டின் மேல் மூலையில் விரலை வைத்தார். எர், கா என்று இரண்டு சின்ன எழுத்து. ரோமன் கத்தோலிக்கன். நகரத்தில் பதியப் போன அன்று, கவுண்டரில் இருந்த பெண்மணி சமயம் என்னவென்று கேட்க, நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நெஞ்சு நிமிர்த்தலுக்குத்தான் மாதாமாதம் இந்தக் கழிவு. நாங்கள் இருக்கும் ரூர் பக்கத்தில் வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவில் இருந்திருந்தால் 8. வரியை அரசாங்கமே பிடித்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடும்.

“நீ இந்து இல்லையா?” என்று அவர் கேட்டார். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். தமிழன் என்றால் தேர் இழுப்பவன் என்பது அவர் கணக்கு. மத்தியானம் நான் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிடுவதை அதுவரை ஈ ஓட்டுவது என்று நினைத்திருந்தாராம்.

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே கேட்பதானால், “நீங்கள் ஆர்.சி.யோ, மெதடிஸ்டோ?” என்று கேட்பார்கள். அதுவும் கலியாணப் பேச்சில்தான். பள்ளிக்கூடத்தில் சமய பாடத்துக்கு மணி அடித்தால் சைவப் பெடியன்கள் ஒரு வகுப்புக்கு, நாங்கள் ஒரு வகுப்புக்கு, முஸ்லிம் பெடியன்கள் இன்னொன்றுக்கு. பாடம் முடிந்தால் மறுபடியும் ஒரே வாங்கு. சண்டை வந்தால் மட்டும் என் நண்பன் ஒருவன், “உங்கட ஆக்கள்தானே கோணேசர் கோயிலை இடிச்சவை” என்று ஆரம்பிப்பான். 1622இல் போர்த்துக்கேயர் செய்த வேலைக்கு 1999இல் ஆறாம் வகுப்பில் நான் பதில் சொல்ல வேண்டும். கோட்டை வாசலில் இருக்கும் கல்வெட்டைக் காட்டி, “பின்னே பறங்கி பிரிக்கவே” என்று ராகத்தோடு பாடுவான். கல்வெட்டுக்குப் பக்கத்தில் மான்கள் நின்று எங்களைப் பார்க்கும். சண்டை முடிந்ததும் அவன் வீட்டில் பொங்கல், எங்கள் வீட்டில் நத்தார் கேக்.

இப்படித்தான். வரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா கோட்டை வாசலுக்குப் போய்விடுகிறது.

சமையலறையில் எல்லோரும் எனக்கு ஒரே புத்திமதிதான் சொன்னார்கள்: வெளியேறு. நீதிமன்றத்துக்குப் போ, 30 யூரோ கட்டு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வருடத்துக்கு 259 யூரோ மிச்சம். மூன்று வருடம் சேர்த்தால் கொழும்புக்கு டிக்கெட். கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு 2022இல் மட்டும் 522,821 பேர் இந்த நாட்டில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கோயிலை விட்டுப் போகிறவர் சண்டை பிடித்துக்கொண்டு போவார், இல்லாவிட்டால் பெந்தெகொஸ்தே சபைக்குப் போவார். படிவம் நிரப்பிப் போவதை நான் இங்கேதான் கேள்விப்பட்டேன்.

எல்லோரும் காசுக்காகப் போனவர்கள் என்று முதலில் நினைத்தேன். பெரிய சமையல்காரரும் வெளியேறியவர்தான். சின்ன வயதில் பீடப்பணியாளராக இருந்தவர், லத்தீன் செபங்கள் இன்னும் பாடம். ஏன் போனீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். குருமார் பிள்ளைகள்மீது செய்த பாலியல் கொடுமைகளைப் பற்றி ஆயர்களே செய்வித்த ஆய்வு 2018இல் வெளிவந்ததைச் சொன்னார். 1946 தொடக்கம் 2014 வரை 1,670 குருமார், 3,677 பிள்ளைகள். கோப்புகளில் அகப்பட்டவை மட்டும். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வெட்டுக்கத்தியைத் துடைக்கத் தொடங்கினார். கோணேசர் கோயிலுக்கென்று நான் தயாராக வைத்திருந்த ஒரு பதிலும் இதற்குப் பொருந்தவில்லை. அன்றைக்கு நானும் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அவர் போகிற போக்கில் இன்னொன்று சொன்னார். வெளியேறினால், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கும் அறிவித்தல் போகுமாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிடுவார்களாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பெயர் அந்தப் பெரிய தடித்த புத்தகத்தில் இருக்கிறது. 1988இல், ஊரடங்குக்கும் ஊரடங்குக்கும் இடையில், ஞானத்தாய் வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி எழுதுவித்த பெயர். அதன் ஓரத்தில் உறுதிப்பூசுதல் பெற்ற திகதி இருக்கும். அந்த ஓரத்துக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கடிதம் போகிறது என்று வையுங்கள்.

ஜேர்மனிக் கடிதம் என்றால் எங்கள் பங்கில் ஒரே அர்த்தம்தான்: நன்கொடை. பாதர் உறையைப் பார்த்தவுடனேயே கோயில் கூரை ஞாபகம் வந்துவிடும். பிரித்துப் பார்ப்பார், ஒரு சொல்லும் விளங்காது. முத்திரை மட்டும் பெரிதாக இருக்கும். பெரிய முத்திரை, பெரிய தொகை. ஊரில் ஜேர்மன் தெரிந்தவர் யார்? ஸ்ருட்காட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து உவர்மலையில் வீடு கட்டிய அக்கா. கடிதத்தோடு போவார்கள். அக்கா தேநீர் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, மெதுவாக வாசிப்பார். பிறகு, “பாதர், இது கூரைக் காசு இல்லை” என்பார். ஆறு மணிச் செபமாலைக்கு முதல் விஷயம் மனையாவெளி வரைக்கும் போய்விடும். செபமாலையில் என் ஆன்மாவுக்காக ஒரு பத்து மணி கூடுதலாகச் சொல்வார்கள். அம்மா முன்வரிசையில் முழந்தாளில் இருப்பார்.

ஆகவே நான் வெளியேறவில்லை. விசுவாசத்தில் உறுதியாக நின்றேன் என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஸ்ருட்காட் அக்காவின் மூக்குக்கண்ணாடி.

விசுவாசம் என்றால் அம்மாவிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள்தானே நத்தார்ப் பூசை பார்த்தேன், இன்றைக்கும் போக வேண்டுமா என்று நான் அடம்பிடித்தேன். டச்சு பே கரையில் கிரிக்கெட் இருந்தது. அம்மா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தக் காலைதான் கடல் உள்ளே வந்தது. அம்மா இதை இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்வார். நான் சொல்வதில்லை. கரையில் எனக்காகக் காத்து நின்றவர்களில் ஒருவன் திரும்பி வரவில்லை. கல்வெட்டைப் பாடியவன் அவன்தான். கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்லத் தொடங்கினால், அவன் வீட்டு வாசலில் போய் அந்த வசனத்தை முடிக்க வேண்டும்.

இங்கே நான் போகும் கோயிலுக்கு முதல் ஞாயிறு போன கதை வேறு. ஊரில் எங்கள் சின்னக் கோயிலில் எத்தனை பேர் என்பதை உள்ளே எட்டிப் பார்த்து அறிவதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலே போதும். பூசை தொடங்கிவிட்டதா, பிரசங்கம் நீளமா, எல்லாம் செருப்பே சொல்லும். இங்கே வாசலில் ஒரு செருப்பு இல்லை. ஜனவரிக் குளிர். பூசை இல்லையாக்கும் என்று வீட்டுக்குத் திரும்பப் போனேன். ஒரு கிழவி ஊன்றுகோலோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதால் பின்னால் போனேன். ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய கோயிலில் பத்தொன்பது பேர். ஒவ்வொருவரும் ஒரு வாங்கு. சமாதானம் சொல்லும் நேரம் நான் ஊர்ப் பழக்கத்தில் கைகூப்பினேன். கிழவி மூன்று வாங்கு தாண்டி நடந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் திரும்பிப் போய்ச் சேரும் வரை பாதர் காத்திருந்தார்.

ஆனாலும் கோயிலை விட்டுப் போனவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மீன். கன்டீனில் வெள்ளி என்றால் மீன்தான், வேறு பேச்சில்லை. ஏன் என்று இளம் ஆட்களைக் கேட்டால் தெரியாது. எப்போதும் அப்படித்தான் என்பார்கள். இயேசு வெள்ளிக்கிழமை மரித்ததற்காக இறைச்சியை விட்ட வழக்கம், இப்போது ரொட்டித்தூளில் புரட்டிய மீனாக என் கையால் முந்நூறு தட்டுக்குப் போகிறது. கேட்பாரில்லை என்றாலும் நான் மனதுக்குள் ஒருவிதமான திருத்தொண்டராகத்தான் அதைப் பொரிக்கிறேன்.

2025இல் ரமழான் நோன்பு மார்ச் 1 தொடங்கியது, எங்கள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மார்ச் 5. என்னோடு அடுப்பில் நிற்பவர் துருக்கிக்காரர், நோன்பை விடாதவர். நான் தவக்காலம் முழுக்க இறைச்சி தொடுவதில்லை. அம்மம்மா காலத்திலிருந்து வீட்டுப் பழக்கம். செவ்வாய்க்கிழமை மாட்டிறைச்சிக் குழம்பு. உப்புப் பார்க்க அவருக்கு முடியாது, எனக்கும் முடியாது. “நீ பார்,” “இல்லை, நீ பார்” என்று இரண்டு பேரும் ஒரே கரண்டியை மாறி மாறி நீட்டிக்கொண்டு நின்றோம். அன்று உப்பு கூடிப்போனது. பெரிய சமையல்காரர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கடவுளை நம்புகிற ஆட்களோடு சமைப்பது கஷ்டம் என்றார். பின்னேரம் துருக்கிக்காரர் நோன்பு துறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் இரண்டு எனக்கும் தந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் வாப்பாவின் நண்பர் நோன்புக் கஞ்சியை வாளியோடு தந்துவிட்டுப் போவது என்று அவருக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். வாப்பா என்று பழகிப்போன வாய். வாப்பா பக்கத்து வீட்டுக்காரர். வாளி எங்கள் வீட்டுக்கும் வரும். என் ஜேர்மனுக்கு இந்த உறவுமுறை அடங்கவில்லை.

ஓகஸ்ட் வந்தால் கேவலார். ஒல்லாந்து எல்லைப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஹென்றிக் புஸ்மன் என்ற வியாபாரி, வழியோரச் சிலுவையடியில் குரல் கேட்டு, 1642இல் மாதாவுக்குச் சிறு கோயில் கட்டினார் என்பது வரலாறு. வருடத்தில் ஒரு சனிக்கிழமை அந்த ஊர் தமிழர் கைக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பொட்டு வைத்த சைவ அக்காமார் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள், ஊரில் மடு மாதா கோயிலில் நிற்பது போலவே. ரோல்ஸ் வாசனை, குழந்தை தொலைந்த அறிவித்தல், பட்டுச் சேலை நிலத்தில் இழுபடுகிறது என்ற சண்டை. நான் முதல் தடவை போனபோது சுருவத்தைத் தேடினேன். சுருவம் இல்லை, ஒரு படம். லக்சம்பேர்க் மாதாவின் செப்புத்தகட்டு அச்சு, தபாலட்டை அளவு. இவ்வளவு பெரிய சனம் இந்தச் சின்னத் தாளுக்கா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சைவ அக்கா, “சும்மா இரும் தம்பி, அவ கேட்டிடுவா” என்றார். அந்த ஒரு நாள் போதும், 21.60ஐ மனதார மன்னித்துவிடலாம். அடுத்த மாதச் சீட்டு வரும் வரைக்கும்.

பன்னிரண்டு வருடம். பழகிவிட்டது என்றுதான் யாரிடமும் சொல்வேன். ஜனவரியில் முடி வைத்த மூன்று ராசாக்களாகப் பிள்ளைகள் வந்து கதவு நிலையில் சோக்கால் எழுதிப் போவதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடிக்கும் வரை. திருகோணமலையில் அப்போது பின்னேரம்.

“பூசைக்குப் போனியா மகன்?”

அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்த ஞாயிறுகள் உண்டு. அந்த நாட்களில் அம்மா எடுப்பதற்கு முதலே கைபேசியில் அன்றைய நற்செய்தியை வாசித்து வைத்துக்கொள்வேன். அடுத்த கேள்வி என்னவென்று எட்டு வயதிலிருந்து தெரியும்: “பாதர் பிரசங்கத்தில் என்ன சொன்னவர்?” நற்செய்தியை வைத்து நானே ஒரு பிரசங்கம் செய்வேன். பெரும்பாலும் அம்மாவுக்குப் பிடித்துப்போகும். அங்கேயும் நல்ல பாதர்மார் இருக்கினம் என்பார்.

போன ஞாயிறு உண்மையாகவே போயிருந்தேன். கிழவி கை குலுக்கினார். அந்த மகிழ்ச்சியில் கைபேசியில் எதையும் வாசித்து வைக்கவில்லை. அம்மா பிரசங்கத்தைக் கேட்கவில்லை.

“என்ன பாட்டுப் பாடினவை?”

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் இலக்கம் போட்டிருந்த பலகை மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“முந்நூற்று எண்பது,” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா சொன்னார்: “நான் பாட்டைக் கேட்டனான் மகன். பஸ் நம்பரை இல்லை.”