லிஸ்பெத்தும் என் பாட்டியும்

என் பாட்டிக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் எலிசபெத். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் எல்லோருக்கும் அவர் எலிசாள். ருட்யார்ட் கிப்ளிங் 1888இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கதையை நான் வாசித்தபோது அவர் நினைவுதான் வந்தது. இமயமலையில் கோட்கர் என்ற ஊரின் கிறிஸ்தவ மிஷனில் வளரும் அந்தக் கதையின் பெண்ணும் எலிசபெத்தான். மலைமக்களின் நாவில் அவள் லிஸ்பெத்.

அடிபட்டு மயங்கிக் கிடந்த ஆங்கிலேயன் ஒருவனைத் தன் கைகளிலேயே தூக்கிவந்து, இவனையே மணப்பேன் என்கிறாள் லிஸ்பெத். திரும்பி வந்து மணப்பதாகச் சொல்லிவிட்டுப் போ என்று அவனுக்கு யோசனை கூறுபவர் பாதிரியாரின் மனைவி. மாதங்கள் கழித்து, அவன் சொன்னது வெறும் சமாதானம் என்று லிஸ்பெத்திடம் சொல்பவரும் அவரே. கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ஆயினும் பேரரசின் வேலையை வீட்டுக்குள் செய்துமுடிப்பவர் அவர்தான் என்று நான் கருதுகிறேன். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெண்களுக்காக அக்காலத்தில் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல், கண்ணியமும் கௌரவமும் இல்லாமல் இந்தியப் பேரரசை ஆள முடியாததுபோலவே இந்தியக் குடும்பத்தையும் ஆள முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

எங்கள் மாவட்டத்திலும் மிஷன் பங்களாக்கள் இருந்தன. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் கற்றுக்கொடுத்த ரேந்தை எனும் லேஸ் பின்னல் எங்கள் வீடு வரை வந்தது. ஆனால் மார்பை மறைக்கும் தோள்சீலையை அணியும் உரிமைக்காக அடிபட்டவர்கள் இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். 1829இல் திருவிதாங்கூர் அரசாணை அவ்வுரிமையை மறுத்த பிறகும் அவர்கள் சீலையை விடவில்லை. மார்பை மறைக்க அனுமதித்த 1859 அறிவிப்புகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இத்தகைய பிடிவாதம் கொண்ட பெண்ணை நான் வாசித்த ஆங்கிலேயர் கதைகளில் காண்பது அரிது. 1924இல் வெளிவந்த ஃபார்ஸ்டரின் 'எ பாஸேஜ் டு இந்தியா' நாவலில், இந்திய மருத்துவரான அசீஸின் மனைவி இறந்துபோனவள், ஒரு புகைப்படம் மட்டுமே.

லிஸ்பெத்தின் கதையைப் பாட்டிக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பெறவு அவ எப்பிடிப் பிழைச்சா மக்களே?"

கிப்ளிங் அதற்குச் சில வரிகளே தருகிறார்: மிஷனை விட்டுத் தன் மக்களிடம் போனாள், அடிக்கும் மரவெட்டி ஒருவனை மணந்தாள், அழகு போயிற்று. 1901இல் 'கிம்' நாவலில் அவளை ஷாம்லே மலையூரின் அதிகாரம் மிக்க பெண்ணாக அவர் மீண்டும் கொண்டுவருகிறார். அங்கேயும் ஒரு வெள்ளைக்காரப் பையன் மலையிறங்க அவள்தான் உதவுகிறாள், அவனும் போய்விடுகிறான்.