மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் புறாக்களின் தொண்டை நோயும்

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடை வந்தால் மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்போம். கத்திரி வெயில் நேரத்தில் ஒரு மாடப்புறா உடம்பை உப்பிக்கொண்டு தொட்டி ஓரத்திலேயே கிடந்தது. சோளத்தைக் கொத்தும், விழுங்க முடியாமல் கீழே போடும். வெயில்தான் காரணம் என்றார்கள். ஆனால் அலகைச் சுற்றி எச்சில் ஈரம், கெட்ட வாடை. துண்டைப் போட்டுப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

முதலில் போன கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பறவை பார்க்கும் டாக்டரைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை. அவர் அலகைத் திறந்து காட்டினார்: தொண்டையில் பனீர்த் துணுக்கு மாதிரி மஞ்சள் படலம். பஞ்சுக் குச்சியால் அதைத் தொட்டு, காய்வதற்குள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நெளிந்து நீந்திக்கொண்டிருந்தவை டிரைக்கோமோனாஸ் கேலினே என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். காய்ந்தால் செத்துவிடும், அப்புறம் அசைவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

எடைக்கேற்ற அளவில் மெட்ரோனிடசோல் என்னும் மருந்து கொடுத்தும் அந்தப் புறா பிழைக்கவில்லை. படலம் அவ்வளவு வளர்ந்திருந்தது. பிறகு பிடித்த இன்னொன்றுக்குச் சீக்கிரமே மருந்து கிடைத்ததால் தேறிப் பறந்தது.

டாக்டர் அதிகம் விசாரித்தது தொட்டியைப் பற்றித்தான். பல புறாக்கள் நோய்க்குறி எதுவும் இல்லாமலே இதைத் தொண்டையில் சுமக்கும்; குஞ்சுகளுக்குப் புறாப்பால் (பெற்றோர் தொண்டைப்பையிலிருந்து ஊட்டும் கூழ்) வழியாகவே போய்விடும். நோயுற்றது குடித்த தண்ணீரிலும், அது கக்கிய தானியத்திலும் மற்றவற்றுக்குத் தொற்றும். புறாவை அடித்துத் தின்னும் வைரிக்கும் வரும். இங்கிலாந்தில் 2005 முதல் பச்சைச் சிட்டுகள் (கிரீன்ஃபிஞ்ச்) ஏராளமாக மடிந்தது இதே ஒட்டுண்ணியால்தான்.

சரி, தொட்டியைக் கொஞ்ச நாள் எடுத்துவிடலாம் என்றதும் குடியிருப்பில் சண்டை. கோடையில் தண்ணீரை நிறுத்துவது பாவம் என்று மேல்வீட்டு மாமி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் புறாக் கூட்டம் கலைந்தால்தான் தொற்று குறையும். கடைசியில் இரண்டு வாரம் தண்ணீரும் இரையும் நிறுத்தினோம். பாசியை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகுதான் பிளீச்சிங் கரைசல். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. நன்றாக அலசி வெயிலில் காயவைத்தோம். இப்போது சின்னச் சின்னக் கிண்ணங்கள், தள்ளித் தள்ளி. தினமும் தண்ணீர் மாற்றி, இரவில் கவிழ்த்துவிடுவோம்.

இந்த ஒட்டுண்ணி மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் புறா எச்சத்தில் வேறு கிருமிகள் உண்டு. நனைத்துவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.