தரங்கம்பாடியில் இரண்டு நாள்

காந்தி ஜெயந்தியை ஒட்டி வந்த விடுமுறையில் பிள்ளைகளோடு தரங்கம்பாடி போய்வந்தோம். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். அதற்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். என் சட்டைக்கும் பக்கத்து இருக்கைப் பாட்டியின் பைக்கும் சமபங்கு. பாட்டி கோபிக்கவில்லை. மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, "இதை முகர்ந்துகொண்டே வரட்டும் தம்பி" என்று கொடுத்தார்.

1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டையைப் பற்றி முதல்நாள் இரவே படித்து வைத்திருந்தேன். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் இது, 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள் என்று அளந்துகொண்டே போனேன்.

"ஊரை எப்படிப்பா விற்பார்கள்? எந்தப் பையில் போட்டுக் கொடுப்பார்கள்?" என்றாள் மூத்தவள். வரலாற்று வகுப்பு அதோடு கலைந்தது.

பிறகு கடல்தான். மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கப் பாறாங்கற்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடுக்கில் நகத்தளவில் ஒரு நண்டு. அது வெளியே வரும்வரை சின்னவன் மூச்சுவிடாமல் குந்தியிருந்தான். வந்ததும் வீறிட்டு என் கழுத்தில் ஏறிக்கொண்டான்.

தங்கிய விடுதியில் இரவுச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். மனைவி கட்டிவந்த புளியோதரை காப்பாற்றியது. (வேண்டாத சுமை என்று புறப்படும்போது முணுமுணுத்தவன் நான்தான்.)

இன்று துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் ஒரு பிடி மணலும் பதினொரு கிளிஞ்சல்களும். அதில் ஒன்று நாறுகிறது. எது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.