துண்டுச் சீட்டில் வந்த ஃபாக் லைட்

பைக் டெலிவரி எடுத்த அன்றே, பனிமூட்டத்தில் ரோடு தெரிய உதவும் ஃபாக் லைட்டையும் ஷோரூமிலேயே போட்டுக்கொண்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இதே வேலையைப் பாதி காசுக்கு முடித்துவிடலாம். "வெளிய வயர்ல கை வச்சா வாரண்டி போயிடும் சார்" என்றார் சேல்ஸ் தம்பி. பயந்துதான் ஒத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் சிறுமலை ஏறினேன். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ ஹாரனை அழுத்தினால் சத்தமே இல்லை. இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் போச்சு. எதிரே வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கி வருகிறது. ஓரங்கட்டி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், 10 ஆம்பியர் ஃபியூஸ் கருகிக் கிடந்தது. ஸ்பேர் ஃபியூஸ் நாலு வளைவு தாங்கியது.

சர்வீஸில் ஃபியூஸை மாற்றி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். திரும்பவும் போயிற்று. மூன்றாம் தடவை, "ஃபாக் லைட் ஷோரூம்ல போட்டது, அங்க கேளுங்க" என்றார்கள். ஷோரூமில் கேட்டால், "வயரிங் எல்லாம் சர்வீஸ்லதான் சார்". இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணாடிக் கதவு.

வீட்டுக்கு வந்து பில்லைத் தேடியபோதுதான் உறைத்தது. வண்டிக்கான பில்லில் ஃபாக் லைட்டே இல்லை. அதற்குத் தந்தது பேனாவில் எழுதி, மேலே 'எஸ்டிமேட்' என்று போட்ட வெள்ளைத் துண்டுச் சீட்டு. முத்திரை, ஜிஎஸ்டி நம்பர் எதுவும் கிடையாது. நல்லவேளை, பணத்தை ஜிபேயில் ஷோரூம் கணக்குக்கே அனுப்பியிருந்தேன்.

தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். எதையும் கழற்ற வேண்டாம், பார்த்து மட்டும் சொல்லுங்கள் என்றேன். கழற்றினால் பழி நம் தலையில் விழும். அவர் ஹேண்டிலை இடது பக்கம் கடைசிவரை திருப்பி, டார்ச் அடித்தார். ஃபாக் லைட் வயர் சேஸிஸில், அதாவது வண்டியின் சட்டத்தில், நசுங்கி, தோல் உரிந்து செம்பு தெரிந்தது. நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினால் ஷார்ட். "அதோட ஹாரன் வயர்லேயே லைட்டையும் தொங்கவிட்டுருக்காங்க தம்பி, ரிலேயே இல்ல" என்றார். ரிலே என்பது பேட்டரியிலிருந்து லைட்டுக்குத் தனியாகக் கரண்ட் விடும் சுவிட்ச். இரண்டு விளக்கும் சேர்ந்து 80 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர். ஹாரன், பிரேக் லைட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்? எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

வீடியோ, ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு மூன்றையும் இணைத்து டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் மெயில் போட்டேன். ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்து வயரிங்கை மாற்ற வேண்டும், செய்த வேலை ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் பதிவுச் சீட்டில், ஏற வேண்டும், முறையான பில் வேண்டும் என்று கேட்டேன். கோபத்தைக் கொட்டி எழுதிய முதல் வரைவை அழித்துவிட்டேன். அதில் தேதியும் இல்லை, கோரிக்கையும் இல்லை.

நாலு நாள் பதிலில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசி, புகார் எண் கொடுத்தார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதையும் புகார் எண்ணையும் இரண்டே வரியில் எழுதி இன்னொரு மெயில். மூன்றாம் நாள் சர்வீஸ் மேனேஜரே கூப்பிட்டார். "முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்!" யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று கேட்க வாய் வரை வந்தது.

அரை நாளில் வேலை முடிந்தது. புது வயர் செட், ரிலே, பேட்டரிப் பக்கம் தனி ஃபியூஸ். பில் தந்தார்கள், ஃபிட்டிங் கூலியும் ஃபியூஸ் காசும் திரும்ப வந்தன. அலைந்த பெட்ரோலுக்கும் போட்ட லீவுக்கும் கேட்டேன், தரவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

சாவியைக் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கி, இன்ஜினைப் போட்டு, ஃபாக் லைட்டை எரியவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்துத் தடவை திருப்பித் திருப்பி ஹாரன் அடித்தேன். ஷோரூமுக்குள் புது வண்டி பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.