ஆம்ஸ்டல்வேனில் வீடு பிடித்த கதை

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேன் நகரில், வெஸ்ட்வைக் என்ற பேட்டையில் வீடு கிடைத்து, சாவியும் கைக்கு வந்துவிட்டது. வரிசை வீடு. மூன்று படுக்கையறை, மேலே ஒரு பரண் தளம், பின்னால் சின்னத் தோட்டம், சைக்கிள் வைக்கக் கொட்டகை. மாதம் 2,250 யூரோ. ட்ராம் 25-இல் ஏறினால் நேராக ஆம்ஸ்டர்டாம் ஸாய்ட் நிலையம், அங்கிருந்து அலுவலகம் நடக்கிற தூரம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் 'ஏஜென்சி' என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் நிலை இது: கென்னிஸ்மிக்ரன்ட் என்ற திறன்மிகு பணியாளர் விசாவில் நான் முன்னால் வந்து வேலையில் சேர்ந்தேன். கணவரும் மகளும் கோவையில் இருந்தார்கள், வீடு கிடைத்ததும் வருவதாகத் திட்டம். பி.எஸ்.என். என்ற குடிமக்கள் சேவை எண், குடியிருப்பு அட்டை எல்லாம் வெளிநாட்டவருக்கென்று உள்ள 'இன் ஆம்ஸ்டர்டாம்' மையத்தில் ஒரே சந்திப்பில் முடிந்தன. ஆரம்பத்தில் இருக்க ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றைக் கம்பெனியே பிடித்துக் கொடுத்தது. அந்த ஃபிளாட்டை நிர்வகித்த ஏஜென்சியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பராரியஸ், ஃபண்டா என்ற இரண்டு வீட்டு விளம்பர இணையதளங்களிலும் தேடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: விளம்பரம் வந்த உடனே அலர்ட் வரும்படி வையுங்கள், வந்ததும் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதிலே வராது. 2024 ஜூலை 1 முதல் நடுத்தர வாடகை வீடுகளுக்கும் புள்ளிக் கணக்குப்படி, அதாவது வீட்டின் பரப்பு, வசதிகளுக்குப் போடும் மதிப்பெண்படி, வாடகைக்கு உச்ச வரம்பு வந்தது. கட்டுப்படியாகாது என்று பல வீட்டுக்காரர்கள் பழைய குடித்தனக்காரர் காலி செய்ததும் வீட்டை விற்றுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் வீடுகளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்கிறோம். வீடு பார்க்க ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். நீங்கள் படியிறங்கும்போது அடுத்த குடும்பம் வாசலில் ஷூவைத் துடைத்துக்கொண்டு நிற்கும்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்தால் பாதிக் கேள்வி குறைந்துவிடும். இங்கே பணத்தைக் காட்டி ஒன்றும் நடக்காது. அட்வான்ஸே அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2023 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது காகிதங்களை. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் சான்று, அப்புறம் வெர்க்கேவர்ஸ்வெர்க்லாரிங் என்ற நிறுவனச் சான்றிதழ். வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம், வரிக்கு முன்னால், இருக்க வேண்டும் என்பார்கள். சில ஏஜென்சிகள் நான்கு மடங்கு கேட்கின்றன.

இந்த நிறுவனச் சான்றிதழில்தான் எனக்கு முதல் அடி. என்னுடையது ஓராண்டு ஒப்பந்தம். அப்படி இருந்தால் படிவத்தில் இன்னொரு பகுதியையும் நிரப்ப வேண்டும்: வேலை திருப்தியாக இருந்து நிறுவனத்தின் நிலையும் மாறாமல் இருந்தால் ஒப்பந்தம் முடியும்போது நிரந்தரமாக்குவோம் என்று. அதற்குக் கீழே தனியாகக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். எங்கள் எச்.ஆர். அந்தப் பகுதியை அப்படியே காலியாக விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டால், "அது கட்டாயமில்லை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை" என்று பதில். ஆம்ஸ்டல்வேனிலேயே போவன்கெர்க் பேட்டையில் தண்ணீரைப் பார்த்த மாதிரி ஓர் அருமையான வீடு, எல்லாம் பேசி முடிந்த நிலையில், அந்தக் காலிக் கட்டத்துக்காகக் கைநழுவிப் போனது. ஏஜென்சியின் மின்னஞ்சல் ஒரே வரி: "வருமானம் நிரந்தரமாகத் தெரியவில்லை."

பிறகு என் மேலாளரைப் பிடித்து, அவர் எச்.ஆரைப் பிடித்து, இரண்டாவது கையெழுத்து வந்தது. அதிலும் தேதியை அடித்துத் திருத்தியிருந்தார்கள். திருத்தம் இருந்தால் செல்லாது என்று திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரியும், அதனால் புதிதாக ஒன்று வாங்கும் வரை எழுந்திருக்கவில்லை. வீடு தேடத் தொடங்கும் முன்பே இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழசாகிவிட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது பெயர்த் தகராறு. நம் ஊர்ப் பெயர் வழக்கம் இங்கே யாருக்கும் புரிவதில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர், கணவரின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், மகளுக்குக் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஓர் ஏஜென்சிப் பெண் கேட்டார். திருமணச் சான்றிதழை அனுப்பினேன். அதில் எங்கள் பெயர்கள் இனிஷியலோடு இருந்தன, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்திருந்தது. "இது வேறு ஆட்கள் போலிருக்கிறதே" என்றார்! மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் இருவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர், துணைவர் பெயர் இருக்கும் பகுதி, இவற்றை ஒரே தாளில் வைத்து அம்புக்குறி போட்டு விளக்கி அனுப்பிய பிறகுதான் வழிக்கு வந்தார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகும் பல இடத்தில் கைகொடுத்தது. திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு இந்தியாவிலேயே அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்றொப்பம்) வாங்கிக்கொண்டு வாருங்கள். குடும்பம் வந்து நகராட்சியில் பதிவு செய்யும்போது கட்டாயம் கேட்பார்கள், இங்கிருந்துகொண்டு வாங்குவது பெரிய தலைவலி.

இதே பெண்தான், சம்பளச் சீட்டு என்னுடையது என்று கண்ணெதிரே இருக்கும்போதே, "உங்கள் கணவரின் வருமானச் சான்று எங்கே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டவரும். சரி, விடுங்கள்.

இடையில் இரண்டு விதமான வீடுகளைப் பார்த்ததும் ஓடிவிடுங்கள். முதலாவது, படம் பிரமாதமாக இருக்கும், வாடகை பாதிதான், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும். அப்பட்டமான மோசடி. பணம் போகாவிட்டாலும் உங்கள் பாஸ்போர்ட் நகல் போய்விடும். யாருக்கு நகல் அனுப்பினாலும் அரசாங்கத்தின் கோப்பிஐடி செயலியில் பி.எஸ்.என். எண்ணை மறைத்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். இரண்டாவது, "இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது" என்று நிபந்தனை போடுகிறவர்கள். வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நகராட்சியிடம் தெரிவிக்க வேண்டியது நம் கடமை. முகவரி இல்லையென்றால் பிறகு வரும் குடும்பத்துக்கு பி.எஸ்.என்., காப்பீடு, மருத்துவர், பள்ளி என்று ஒவ்வொன்றும் இழுத்தடிக்கும்.

இப்போது இருக்கும் வீட்டுக்கு வருகிறேன். இங்கே வாடகை வீடு மூன்று நிலையில் வரும்: சாமான்களோடு, தரையும் திரைச்சீலையும் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லாமல். இது மூன்றாவது ரகம். ஒன்றுமே இல்லாமல் என்றால் உண்மையிலேயே ஒன்றுமே இல்லை. சிமென்ட் தளம், கூரையிலிருந்து தொங்கும் ஒயர், ஜன்னலுக்குத் திரை கிடையாது. வீடியோவில் காட்டியபோது கணவர், "தரையே இல்லாத வீட்டுக்கா இவ்வளவு வாடகை கேக்கறாங்க?" என்றார். காலி செய்து போகிறவர்கள் தாங்கள் போட்ட தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டும், அல்லது அடுத்து வருகிறவருக்கு விற்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் லாமினேட் தரை, திரைச்சீலை, விளக்குகள் எல்லாம் சேர்த்து 2,500 யூரோ என்றார்கள். ஏஜென்சிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது வழக்கம்தான், மற்றவர்கள் தயாராக இருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொடுத்தார்.

தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கால்மிதி கிடந்தது. சாதாரணக் கால்மிதியைவிட அகலம். ஓரத்தைக் காலால் நகர்த்திப் பார்த்தேன். கீழே மூன்று பலகைகள் தண்ணீர் குடித்து விளிம்பில் உப்பியிருந்தன, மிதித்தால் ஒன்று 'டொக்' என்று உள்ளே போய் வந்தது. யாரும் பேசவில்லை. கடைசியில் 900 யூரோவுக்கு முடிந்தது. அவர்களுக்கும் பெயர்த்தெடுக்கும் கூலியைவிட அது லாபம்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. தரையை நாம் வாங்கிவிட்டால், காலி செய்யும்போது அதைப் பெயர்க்கும் பொறுப்பும் நம்முடையது ஆகிவிடும். அதனால் கையெழுத்துப் போடும் முன், நான் போகும்போது தரை அப்படியே இருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டேன். கொடுத்தார். இந்த முழுக் கதையிலும் நல்ல மனிதர் அவர் ஒருவர்தான்.

ஒப்பந்தம் வந்தபோது 24 மாதம் என்று போட்டிருந்தது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு போடும் ஒப்பந்தம் காலவரையற்றதாக இருக்க வேண்டும், மாணவர்கள், சொந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போகும் வீட்டுக்காரர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். பழைய படிவத்தை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். சுட்டிக்காட்டியதும் மாற்றினார்கள். புள்ளிக் கணக்குத் தாளும் இல்லை, 2025 ஜனவரியிலிருந்து புது ஒப்பந்தத்தோடு அதைத் தர வேண்டும். கேட்டு வாங்கினேன். புள்ளி 187-க்கு மேல் இருந்ததால் வாடகை வரம்பு எனக்கு உதவவில்லை, ஆனால் எல்லைக்கு அருகில் இருக்கும் வீடென்றால் ஹுர்கொமிஸி என்ற அரசு வாடகை ஆணையத்தின் இணையக் கணிப்பானில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அதோடு ஒரு பில்லும் வந்தது: ஒப்பந்தச் செலவு 350 யூரோ, வரி தனி. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜென்சி குடித்தனக்காரரிடம் தரகு வாங்கக் கூடாது, அதற்கு நிர்வாகச் செலவு, ஒப்பந்தச் செலவு என்று பெயர் மாற்றி வைத்தாலும் கதை அதேதான். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு முடியும் வரை நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் சிவில் சட்டத்தின் 7:417 பிரிவைக் குறிப்பிட்டு இரண்டு வரி அனுப்பினேன். 'தவறுதலாக அனுப்பப்பட்டது' என்று மறுநாளே பில்லை ரத்து செய்தார்கள். தவறுதலாம்!

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். கரண்ட், எரிவாயு, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுங்கள். சுவரில் ஆணி ஓட்டை, கண்ணாடியில் கீறல், குளியலறை மூலையில் கறுப்புப் பூஞ்சை, எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். ஏஜென்சிப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான், நிற்கட்டும்.

பேட்டை அமைதியானதுதான். எங்கள் தெருவில் கார் நடக்கிற வேகத்தில்தான் போகும், பிள்ளைகள் நடுத்தெருவில் பந்து விளையாடுகிறார்கள். தெருமுனையில் 'வாட்ஸ்அப் கண்காணிப்புக் குழு' என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஒரே குறை, ஷிப்ஹோல் விமான நிலையம் பக்கத்தில் இருப்பது. காற்றடிக்கும் திசையைப் பொறுத்து ஓடுபாதை மாறும், வீடு பார்க்கப் போன அன்று ஒரு விமானம்கூடக் கேட்கவில்லை. வேறொரு நாளிலும் ஒரு நடை போய் நின்று பாருங்கள். பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், எதிர்வீட்டுக்காரர் பிள்ளை வேறு பேட்டைக்குச் சைக்கிளில் போகிறது. குப்பை வரியும் தண்ணீர் வாரிய வரியும் குடித்தனக்காரர் பெயருக்குத்தான் வரும், வாடகையில் சேராது. அந்த உறையைப் பார்த்து அதிர்ச்சியாக வேண்டாம்.

இனி அந்தப் பழைய ஃபிளாட். புது வீட்டுக்காகச் சான்று கேட்டபோதே அந்த ஏஜென்சி இழுத்தடித்தது. காலி செய்து சாவி கொடுத்த பிறகு 3,200 யூரோ அட்வான்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. பிடித்தம் எதுவும் இல்லையென்றால் 14 நாளில், பிடித்தம் இருந்தால் கணக்கோடு 30 நாளில் திருப்பித் தர வேண்டும். கெடு தாண்டி நான் எழுதிய பிறகு, 'சுத்தம் செய்யவும் சுவர் பூசவும்' 480 யூரோ பிடிப்பதாகப் பதில் வந்தது. ரசீது இல்லை, படம் இல்லை. அவர்கள் சொல்லும் ஆணி ஓட்டைகள் எல்லாம் நான் குடிவந்த அன்று எடுத்த படங்களில் தேதியோடு இருக்கின்றன. மீதியை அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. படங்களை இணைத்துப் பதிவுத் தபாலில் கெடு வைத்துக் கடிதம் போட்டிருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் வாடகைப் புகாருக்கென்று நகராட்சி வைத்திருக்கும் பிரிவு, அதற்கடுத்து சிறு வழக்குகளை விசாரிக்கும் கன்டோன் நீதிபதி. 25,000 யூரோ வரையான வழக்குக்கு அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை. படிவத்தை இறக்கி வைத்தாகிவிட்டது.