கெட்சிடபிள்யூடி: டைரக்டரி காணாமல் போனால் என்ன ஆகும்?

லினக்ஸில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்த டைரக்டரியில் நிற்கிறது என்பதை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுத்துச்சரமாக வைத்திருப்பதில்லை. அந்த டைரக்டரியையே நேரடியாகப் பிடித்து வைத்திருக்கிறது. நிற்கும் டைரக்டரியின் பாத்தைக் கேட்கும் சி ஃபங்ஷனான கெட்சிடபிள்யூடியைக் (getcwd) கூப்பிட்டால் அங்கிருந்து தாய் டைரக்டரி, அதற்குத் தாய் என்று ரூட் (எல்லாவற்றுக்கும் மேலான '/' டைரக்டரி) வரை ஏறி, பெயர்களைப் பின்னாலிருந்து கோத்துத் தருகிறது. பாத் அந்த நேரத்தில்தான் உருவாகிறது. அதனால் இந்த அழைப்பு தோற்கவும் செய்யும். திரும்பி வருவது நல்லா (NULL, எதையும் சுட்டாத பாயின்டர்) என்று பார்க்காத நிரல் என்றாவது ஒருநாள் விழும்.

அடிக்கடி மாட்டுவது இந்த இடம். ஒரு டெர்மினலில் டைரக்டரிக்குள் நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் டிப்ளாய் ஸ்கிரிப்ட் அதை அழித்து, அதே பெயரில் புதிதாக உருவாக்குகிறது. பெயர் ஒன்றுதான், ஐநோட் (ஃபைல் சிஸ்டம் உள்ளே வைத்திருக்கும் அடையாளம்) வேறு. உங்கள் ப்ராசஸ் பிடித்திருப்பது பழையதை. கெட்சிடபிள்யூடி நல் தரும், எர்நோவில் (பிழை எண் இருக்கும் மாறி) ஈநோஎன்ட் (ENOENT, 'அப்படி ஒன்று இல்லை') இருக்கும். எல்எஸ் போட்டால் பிழை வராது, வெறுமையாகக் காட்டும். ஃபைல் உருவாக்கப் போனால் அதே ஈநோஎன்ட். சந்தேகம் வந்தால் ப்ராசஸ்களின் விவரம் தரும் /ப்ராக் அடியில் அந்த ப்ராசஸின் சிடபிள்யூடி லிங்க்கைப் படியுங்கள். பாத்தின் கடைசியில் 'டெலிட்டட்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஷெல் என்றால் அதே பாத்துக்கு மறுபடி சிடி போட்டால் சரியாகிவிடும். டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) என்றால் ரீஸ்டார்ட்தான். நெடுநாள் ஓடும் டீமன்கள் தொடங்கும்போதே ரூட்டுக்கு நகர்ந்துவிடுவது நல்லது.

பாத்தை எழுத நாம் கொடுக்கும் பஃபரின் அளவில் கடைசி நல் எழுத்துக்கும் (சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்) இடம் வேண்டும். நிற்பது /டிஎம்பி என்றால் சாய்கோடு ஒன்று, எழுத்து மூன்று, நல் ஒன்று: 5 பைட். 4 கொடுத்தால் ஈரேஞ்ச் (ERANGE, இடம் போதாது). பஃபர் கொடுத்துவிட்டு அளவு 0 என்றால் ஈஇன்வேல் (EINVAL, தவறான மதிப்பு). 4096 பைட் ஒதுக்கினால் எப்போதும் போதும் என்று நினைக்க வேண்டாம். சின்னச் சின்னப் பெயர்களாக உள்ளே உள்ளே இறங்கிப் போனால் அதைவிட நீண்ட பாத் அமையும். ஈரேஞ்ச் வரும்போதெல்லாம் பஃபரை இரட்டிப்பாக்கி மறுபடி கேட்பதே எங்கும் செல்லும் வழி. ஜிலிப்சியில் (glibc, லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) பஃபருக்கு நல்லும் அளவுக்கு 0ம் கொடுத்தால் அதுவே மேலாக் செய்து (மெமரி ஒதுக்கி) தரும், ஃப்ரீ செய்வது நம் வேலை. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) இதற்கு உறுதி தரவில்லை.

ஜிலிப்சி இல்லாமல் நேரடியாக சிஸ்டம் காலைக் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) கூப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. எக்ஸ்86-64இல் இந்த சிஸ்டம் காலின் எண் 79. திரும்புவது பாயின்டர் இல்லை, நல்லையும் சேர்த்த நீளம். அடுத்தது, நிற்கும் இடம் ப்ராசஸின் ரூட்டுக்கு வெளியே இருந்தால் (பயன்பாட்டில் இருக்கும்போதே ஃபைல் சிஸ்டத்தைக் கழற்றும் லேஸி அன்மவுன்ட் செய்தால் இப்படி நேரும்) கெர்னல் பிழை தருவதில்லை, 2.6.36 முதல் பாத்தின் முன்னால் 'அன்ரீச்சபிள்' என்ற சொல்லை ஒட்டித் தருகிறது. சாய்கோட்டில் தொடங்காத பாத் அது. முதல் எழுத்து சாய்கோடுதான் என்று நம்பியதால் ஜிலிப்சியின் ரியல்பாத் (பாத்தை முழுதாக விரித்துத் தரும் ஃபங்ஷன்), பஃபருக்கு முன்னால் இருந்த மெமரியில் எழுதியது. 2018இல் வெளிவந்த பாதுகாப்புப் பிழை அது. ஜிலிப்சி 2.27 முதல் இந்த நிலையில் கெட்சிடபிள்யூடி ஈநோஎன்ட் தருகிறது. நேரடியாகக் கூப்பிட்டால் முதல் எழுத்தை நீங்களே சோதிக்க வேண்டும்.

ஷெல்லின் பிடபிள்யூடி கட்டளை காட்டுவதும் கெட்சிடபிள்யூடி தருவதும் வேறுபட்டால் குழம்ப வேண்டாம். ஷெல் நீங்கள் வந்த சிம்லிங்க் (வேறொரு பாத்தைச் சுட்டும் லிங்க்) வழியை நினைவில் வைத்திருக்கிறது. கெர்னலுக்கு அது தெரியாது. பிடபிள்யூடிக்கு 'மைனஸ் பெரிய பி' (-P) கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும்.

த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் கிளை) உள்ள நிரலில் ஒரு த்ரெட் சிஎச்டிர் (chdir, டைரக்டரி மாற்றுவது) செய்தால் எல்லா த்ரெட்டும் நகரும். அங்கே டைரக்டரியை ஒருமுறை திறந்து, கிடைக்கும் டிஸ்கிரிப்டரை (திறந்ததைக் குறிக்கும் எண்) வைத்து ஓப்பன்-ஏட் (openat) மூலம் ஃபைல்களைத் திறப்பதே பாதுகாப்பு.