ஒரே ஒரு கட்டளை இல்லாத ஜோர்னடா

சென்னை ரிச்சி தெருவின் பின்சந்தில், பழைய சாமான் குவியலுக்கு அடியில் கிடந்தது எச்பி ஜோர்னடா 720 என்ற அந்தக் கையடக்கக் கணினி. மூடியைத் திறந்ததுமே என் முகத்தில் ஆசை தெரிந்துவிட்டது போல. "பேட்டரி அவுட்டு சார். சார்ஜர்ல போட்டா எரியும். எண்ணூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அறுநூறுக்கு முடிந்தது. வீட்டில் கேட்டபோது இருநூறு என்றேன்.

2000-இல் வந்த கருவி. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி ரேம், 640-க்கு 240 புள்ளிகள் கொண்ட நீளவாட்டுத் திரை. இரண்டு கையாலும் அடிக்கக்கூடிய கீபோர்டு, அதுதான் இதன் அழகே. உள்ளே விண்டோஸ் சிஇ. அது மாற்றி எழுத முடியாத ரோமில் ஆலையிலேயே பதித்து வந்தது. அதனால் அதை எடுத்துவிட்டு, நான் ஆசைப்பட்ட லினக்ஸை உள்ளே ஏற்ற வழியில்லை. ஆனால் நாம் என்ன கூத்தடித்தாலும் கருவி செங்கல்லாகாது. ரீசெட் ஓட்டையில் குண்டூசியால் ஒரு குத்து, விண்டோஸ் திரும்பி வந்துவிடும். இந்தத் தைரியத்தில்தான் கார்டிலிருந்து லினக்ஸை ஓட்ட இறங்கினேன்.

வழி இதுதான். சிஎஃப் மெமரி கார்டில் இரண்டு பகுதிகள்: முதலாவது சின்னதாக, விண்டோஸ் படிக்கும் ஃபேட் அமைப்பில்; இரண்டாவது லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 அமைப்பில். முதலாவதில் ஹாரெட் என்ற குட்டி நிரல், லினக்ஸின் மையமான கெர்னல் கோப்பு, கூடவே நாலு வரி உள்ள ஒரு டெக்ஸ்ட் கோப்பு. அதில் கெர்னலின் பெயர், கெர்னல் ஜோர்னடாவை அடையாளம் காண இயந்திர எண் 48, ரூட் (லினக்ஸின் கோப்புகள் எல்லாம் உள்ள பகுதி) எங்கே இருக்கிறது என்ற விவரம். விண்டோஸுக்குள்ளிருந்து ஹாரெட்டை ஓட்டினால், அது கெர்னலை ரேமில் ஏற்றி, விண்டோஸின் காலை வாரிவிட்டு, லினக்ஸை உட்கார வைத்துவிடும்.

ஜோர்னடாக்களுக்கென்றே ஜேலைம் என்று ஒரு லினக்ஸ் இருந்தது. எனக்கு அடுத்த வீட்டுச் சாம்பார் வேண்டாம், நானே வைக்க வேண்டும். 2.6.32 கெர்னலை எடுத்தேன், ஜோர்னடாவுக்கான கான்ஃபிக், அதாவது அமைப்புப் பட்டியல், அதிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் இருந்த புது ஜிசிசியோ (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர்) ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தது. அந்தக் காலத்துக் கெர்னல், ஜிசிசியின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஹெடர் கோப்பு தேடும். இந்தப் பதிப்பெல்லாம் வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? சரி, பழசைப் பழசாலேயே சமைப்போம் என்று, டெபியன் லினக்ஸின் பழைய சேமிப்பகத்திலிருந்து 2009-இல் வெளியான லென்னி பதிப்பை டெபூட்ஸ்ட்ராப் என்ற நிறுவும் கருவியால் இறக்கினேன். ஆர்ம் குடும்பச் சிப்புகளுக்கு (ஸ்ட்ராங்ஆர்மும் அதில் ஒன்று) லென்னியில் ஆர்ம், ஆர்மெல் என்று இரண்டு வகை உண்டு. ஆர்மெல்தானே புதுசு என்று அதை எடுத்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

லேப்டாப்பில், வேறு சிப்பைப் போல நடிக்கும் கியூஎமு வழியாக அந்த லென்னி அருமையாக ஓடியது. அதற்குள்ளேயே ஜிசிசி 4.3-ஐப் போட்டு, ராத்திரி கெர்னலைக் கட்ட மேக் கட்டளை அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் கெர்னல் தயார். கார்டைச் செருகி ஹாரெட்டைத் தட்டினேன். திரை மூலையில் பென்குயின்! அடுத்து ரூட்டைக் காணோம் என்று பேனிக், அதாவது கெர்னல் கைவிரித்து நின்றுவிட்டது. இது எளிது. கார்டு கண்ணில் படுவதற்குள் கெர்னல் அவசரப்படுகிறது. ஐந்து விநாடி பொறு என்று அந்த டெக்ஸ்ட் கோப்பில் சேர்த்தால் போதும்.

சேர்த்தேன். ரூட் கிடைத்தது. உடனே அடுத்த பேனிக்: கெர்னல் முதலில் ஓட்டும் நிரலான இனிட்டைக் கொல்ல முயற்சி.

கார்டு போலி என்று நினைத்தேன். மாற்றினேன். கோப்பமைப்பை மூன்று முறை புதிதாக எழுதினேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு போயே போய்விட்டது. லேப்டாப்பில் ஓடுவது இங்கே ஏன் செத்துப்போகிறது?

கியூஎமு என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் அது எல்லாம் தெரிந்த ஒரு புது ஆர்ம் சிப்பாக வேஷம் போடும். ஜோர்னடாவின் எஸ்ஏ1110 சிப்பாக நடி என்று ஒரு சூழல் மாறியில் சொன்னதும், லேப்டாப்பிலும் அதே மாதிரி 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்தது, சிப்புக்குத் தெரியாத கட்டளை என்று அர்த்தம். காரணம் பிஎக்ஸ் என்ற ஒரே ஒரு கட்டளை. தம்ப் என்ற சுருக்கக் கட்டளை வசதியோடு வந்த ஆர்ம்வி4டி சிப்புகளில் அது உண்டு; ஸ்ட்ராங்ஆர்ம் வெறும் ஆர்ம்வி4, தம்பும் கிடையாது, பிஎக்ஸும் கிடையாது. ஆர்மெல்லோ ஃபங்க்‌ஷனிலிருந்து திரும்பும்போதெல்லாம் பிஎக்ஸைக் கூப்பிடுகிறது. ஒரு டி எழுத்து வித்தியாசம், இரண்டு நாள் தூக்கம்.

பழைய ஆர்ம் வகைக்குப் பிஎக்ஸ் தேவையில்லை. டெபியனில் அது கடைசியாக வந்தது லென்னியில்தான். அடுத்த பதிப்பில் நீக்கிவிட்டார்கள். மறுபடி டெபூட்ஸ்ட்ராப், இந்த முறை ஆர்ம். அந்த வகையின் நிரல்கள் கெர்னலை அழைக்கும் முறையே வேறு என்பதால், கான்ஃபிக்கில் ஆர்மெல்லின் அழைப்பு முறையான ஈஏபிஐயை அணைத்துவிட்டுக் கெர்னலையும் மறுபடி கட்டினேன். இன்னொரு ராத்திரி.

செவ்வாய்க்கிழமை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது லாகின் வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன். "அடுப்பை அணைச்சுட்டுக் கத்துங்க" என்று உள்ளேயிருந்து பதில்.

இப்போது விம் எடிட்டர் ஓடுகிறது, பைதான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது, ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குக் கார்டிலேயே 64 எம்பி ஒதுக்கியிருக்கிறேன். இந்தப் பதிவை அதிலேயே அடிக்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. லினக்ஸ் கன்சோலுக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கத் தெரியாது. எழுத்துரு இருந்தாலும் 'கெ' எழுதினால் ககரத்துக்குப் பின்னால் கொம்பு முளைக்கும்.

பேட்டரியோடு உள்ளே இருக்கும் பட்டன் செல்லும் செத்திருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடுகிறது, உடனே வட்டைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே, இந்த வட்டு கடைசியாக மவுண்ட் ஆனது எதிர்காலத்தில் என்று புகார் சொல்கிறது. அணைக்கும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி, எழும்போது வட்டைச் சோதிக்கும் முன் அதைப் படிக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். செல்லையே மாற்றிவிடலாம்தான். அதற்கு ரிச்சி தெரு போக வேண்டும். போனால் இன்னொன்று வாங்கி வருவேன் என்று வீட்டில் தடை.